ஐந்து வியாக்கியானங்களும் ஓர் ஈடும்: நன்னூலும் பெருநூலும் பிரியும் இடம்

திருவாய்மொழிக்கு நம் பூர்வாசாரியர்கள் அருளிச்செய்த வியாக்கியானங்கள் ஐந்து. திருக்குருகைப்பிரான் பிள்ளானுடைய ஆறாயிரப்படி, நஞ்சீயருடைய ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையுடைய இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயருடைய பன்னீராயிரப்படி என்பன அவை. ஒற்று நீங்க 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. அந்த அளவையால் முதல் நான்கையும் முறையே ஸ்ரீவிஷ்ணுபுராணம், ஸ்ரீபாஷ்யம், ஸ்ரீராமாயணம், ச்ருதப்ரகாசிகை ஆகியவற்றோடு ஒப்பவைத்துக் கூறுவது பெரியோர் வழக்கம்.

இவ்வைந்தும் 1102 பாசுரங்களுக்கும் முழுமையாக அமைந்தவை. இவ்வைந்தையும் அருளியவர்கள் ஞானத்திலும் அநுஷ்டானத்திலும் நிகரற்றவர்கள். ஆயினும் ‘பகவத் விஷயம்’ என்ற மாத்திரத்தில் தென்னாசாரிய ஸம்பிரதாயத்தில் நினைவுக்கு வருவது முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு ஒன்றே. மற்றை நான்கும் போற்றப்படுகின்றன. ஈடு காலக்ஷேபம் செய்யப்படுகிறது. ஒரு நூல் போற்றத்தக்க நன்னூலாய் நிற்பதற்கும், ஒரு ஸமுதாயம் தலைமுறை தலைமுறையாகத் தன்னை அதனுள் வைத்து வாழும் பெருநூலாய் ஆவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது? இலக்கியம் முழுவதையும் பற்றி இதை வினவினால் விடை வெறும் கருத்தாகவே முடியும். ஒரே மூலம், ஒரே ஆசாரிய பரம்பரை, ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம், ஐந்து உரைகள் என்று எல்லை வகுத்து வினவினால் வரலாறே விடைக்குச் சான்று தரும்.

இவ்வினா வெறும் ஆராய்ச்சிச் சுவைக்காக எழுந்ததன்று. ஈட்டை மேற்கோள் காட்டுவோர் இன்று பலர். முதல் ஸ்ரீய:பதிப்படி தொடங்கிப் பத்தாம்பத்து முடியக் கேட்டோர் சிலர். ஒரு நூலின் பெருமை எதில் இருக்கிறது என்பதை மறந்தால், அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நூலை இழந்துவிடுவோம்.

எம்பெருமானார் அஞ்சிய அச்சம்

திருவாய்மொழிக்கு முதல் வியாக்கியானம் தோன்றிய வரலாற்றிலேயே நம் வினாவுக்கான முதற்குறிப்பு இருக்கிறது. ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த எம்பெருமானாரே திருவாய்மொழிக்கும் உரை அருள வேண்டும் என்று முதலிகள் பிரார்த்தித்தனர். அவர் இசையவில்லை. தாம் ஒரு பொருள் எழுதிவைத்தால் ‘ஆழ்வார் திருவுள்ளம் இவ்வளவே’ என்று உலகம் எல்லை கட்டிவிடும், பின்னுள்ளார் மேலும் ஆழ்ந்து அநுபவிக்க அஞ்சுவர் என்பது அவர் திருவுள்ளம். ஆதலால் தம்முடைய ஞானபுத்திரராகிய பிள்ளானை நியமித்து ஆறாயிரப்படியை அருளிச்செய்வித்தார் என்பது ஸம்பிரதாயம் பேணிவரும் செய்தி.

உரையாசிரியர்கள் வழக்கமாக அஞ்சுவது தம் உரை குறைவுபட்டுவிடுமோ என்று. எம்பெருமானார் அஞ்சியதோ தம் உரை நிறைவாகிவிடுமோ என்று. மூலத்தைத் தெளிவாக்கும் உரை நல்லுரை. ஆனால் அத்தெளிவே மூலத்துக்கு வேலியாக நின்றுவிடவும் கூடும். தெளிவும் தரவேண்டும், மூலத்தின் ஆழம் வற்றாமலும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடுவது அரிது. பின்வந்த வியாக்கியான வரலாறு முழுவதும் இந்த அருமையைத் தேடிய வரலாறு என்றே கொள்ளலாம்.

பிள்ளானுடைய உரை அந்த அருமைக்கு ஒரு விடை. வடசொல் மிகுந்த மணிப்பிரவாள நடையில், வேதாந்தத்தின் சொற்களால் ஆழ்வாரின் பாசுரங்களைத் திரட்டிக் கூறுகிறது அது. பல இடங்களில் பாசுரத்தின் திரண்ட பொருளோடு நின்றுவிடுகிறது. வேதாந்தமும் தமிழ்மறையும் பேசுவது ஒரே பொருளை என்று நிலைநாட்டுவது அக்காலத்தின் தேவை. அத்தேவையை ஆறாயிரப்படி செவ்வனே நிறைவேற்றியது.

ஆற்றில் போன ஏடு

ஆறாயிரப்படிக்குப் பின் பட்டர் நியமனத்தால் நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படி அருளினார். அதைச் செவ்வையாகப் படியெடுக்க நம்பூர் வரதராஜர் அமர்த்தப்பட்டார். அவர் பட்டோலையோடு தம் ஊருக்குச் செல்கையில் காவிரி பெருகிவர, தலையில் கட்டி நீந்திய ஏடு வெள்ளத்தோடு போயிற்று. ஆசாரியனிடம் கேட்டதை நினைந்து நினைந்து அவர் முழுவதையும் மீண்டும் எழுதினார். எழுதும்போது பொருள் சிறக்கத் தக்க இடங்களில் தமக்குத் தோன்றிய விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் ஏட்டைப் பார்த்து, தாம் எழுதாத நயங்கள் இருக்கக்கண்டு வினவினார். நடந்ததை வரதராஜர் அஞ்சியஞ்சி விண்ணப்பித்தார். நஞ்சீயர் சினவவில்லை, ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். அப்பெயரே அவருக்கு நிலைத்தது.

இவ்வரலாற்றைப் பெரும்பாலும் நம்பிள்ளையின் மேதைக்குச் சான்றாகச் சொல்கிறோம். அதைவிட முக்கியமானது நஞ்சீயரின் செயல். தம் நூலில் பிறர் சொல் புகுந்ததைக் குற்றமாகக் கொள்ளாமல், மூலத்துக்கு நன்மையாயிற்றா என்பதொன்றையே அவர் பார்த்தார். ‘என்னுடைய உரை’ என்னும் அபிமானம் இல்லாத இடத்தில்தான் உரை வளரும். எழுதியவருடைய நூலாகவே இருந்துவிடுவது நன்னூல். எழுதியவரைக் கடந்து ஒரு கோஷ்டியின் நூலாகிவிடுவது பெருநூல். ஈடு பிறப்பதற்கு முன்பே அதற்குரிய நிலம் இவ்வாறு பண்பட்டிருந்தது.

எவை காரணம் ஆகா

ஈட்டின் பெருமைக்குக் காரணம் யாது என்று கேட்டால் உடனே தோன்றும் விடைகள் நான்கு. நான்கையும் வரலாறே விலக்குகிறது.

முதலாவது, அளவு. ஐந்தனுள் மிகப் பெரியது ஈடு என்பது உண்மை. ஆனால் அதனினும் பெரிய உரை ஒன்று எழுதப்பட்டது. கூரத்தாழ்வான் திருவம்சத்தவராகிய நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர், முன்பு நம்பிள்ளையின் பெருமையைப் பொறாதிருந்து, பின்பு அவர் திருவடிகளில் ஆச்ரயித்தவர். தாம் கேட்டவற்றையெல்லாம் அவர் 1,25,000 படியாக எழுதிச் ஸமர்ப்பிக்க, நம்பிள்ளை அதைக் கறையானுக்கு இரையாக்கினார் என்பது வழங்கிவரும் வரலாறு. மஹாபாரதம் அளவு விரிந்த உரையை அவர் காக்கவில்லை. அதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்ததைக் காத்தார். விரிவு வேறு, ஆழம் வேறு என்பதற்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு இல்லை.

இரண்டாவது, நியமனம். ஆறாயிரப்படி எம்பெருமானார் நியமனத்தாலும், ஒன்பதினாயிரப்படி பட்டர் நியமனத்தாலும், இருபத்துநாலாயிரப்படி நம்பிள்ளை நியமனத்தாலும் பிறந்தன. ஈடோ எவர் நியமனத்தாலும் எழுதப்பட்டதன்று. வடக்குத்திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டதை இரவில் எழுதிவைத்தார். பின்பு அறிந்த நம்பிள்ளை, தம்மைக் கேளாமல் எழுதியது முறையன்று என்று ஏட்டை வாங்கிக்கொண்டார். எழுதப்பட்டது பிழையற்றிருந்தும் அதை வெளியிட இசையவில்லை.

மூன்றாவது, தெளிவு. தெளிவே அளவுகோலாயின் முதலிடம் பன்னீராயிரப்படிக்கு உரியது. பதந்தோறும் பொருள் கூறிச்செல்லும் உரை அது ஒன்றே. அதை அருளிய வாதிகேசரி ஜீயர், முன்பு பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கரியம் செய்திருந்தவர், எழுத்தறியாதிருந்தவர். வித்வான்கள் சிலரை என்ன கிரந்தம் விசாரிக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அவர்கள் ‘முஸலகிஸலயம்’ என்று இல்லாத ஒரு நூலைச் சொல்லி நகைத்தனர். உலக்கைக்குத் தளிர் ஏது? அவமானம் பொறாது ஆசாரியன் திருவடிகளில் விழுந்து, அவர் கிருபையால் கற்று, எதிரிகளை வாதில் வெல்லும் வித்வானானார். ஒரு சொல்லுக்குப் பொருள் அறியாமல் நிற்பவனுடைய துன்பம் அவருக்குத் தெரியும். அதனால்தான் போலும், பதவுரை அவர் கையால் வந்தது. அவ்வுரைக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் பதப்பொருள் தெரிந்தபின் அதைக் கைவிட்டு மேலே செல்கிறோம். அதனிடமே திரும்பி வருவதில்லை.

நான்காவது, ஆசிரியரின் பெருமை. நாலாயிரத்துக்கும் உரையருளி வியாக்கியான சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றவர் பெரியவாச்சான் பிள்ளை. அந்த விருது வடக்குத்திருவீதிப்பிள்ளைக்கு இல்லை. ஆசிரியர் பெயரால் நூல் உயருமாயின் இருபத்துநாலாயிரப்படியே தலைமை பெற்றிருக்கவேண்டும்.

ஒரே வாய்மொழி, இரண்டு ஏடுகள்

இங்கே இலக்கிய வரலாற்றில் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. இருபத்துநாலாயிரப்படியும் ஈடும் ஒரே ஆசாரியருடைய திருவடிகளிலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் ஊற்று நம்பிள்ளையின் உபந்நியாஸமே. பல இடங்களில் சொற்கள்கூட ஒத்துச்செல்கின்றன. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போருக்கு, பொருள் ஒன்றாயிருக்க வேறுபாடு எங்கே என்பது தெளிவாகப் புலப்படும்.

பெரியவாச்சான் பிள்ளை, கேட்டதைத் தம் திருவுள்ளத்தில் அடக்கிச் செறிவுபடுத்தித் தருகிறார். முடிவு நமக்குக் கிடைக்கிறது. வடக்குத்திருவீதிப்பிள்ளை, கேட்டது கேட்டபடி தருகிறார். முடிவோடு அம்முடிவுக்கு வந்த வழியும் கிடைக்கிறது. இடையில் எழுந்த வினா, அதற்கு ஆசாரியர் சொன்ன விடை, ஆளவந்தார் நிர்வாஹம், எம்பெருமானார் நிர்வாஹம், பட்டர் நிர்வாஹம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பொருள்கள், நடுவே ஓர் ஐதிஹ்யம், உடனே ஸ்ரீராமாயணத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி என்று ஈடு விரிகிறது. படிப்பவன் படிப்பவனாக இருப்பதில்லை. கோஷ்டியின் ஓரத்தில் அமர்ந்து கேட்பவனாகிவிடுகிறான்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம்பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தில், அறியாக் காலத்திலேயே எம்பெருமான் தமக்குத் தன்பால் அன்பைப் பிறப்பித்ததையும், அறியாமையை விளைக்கும் உடற்சம்பந்தத்தில் தாம் இருந்ததையும் ஆழ்வார் சேரச் சொல்கிறார். எம்பெருமானாருக்குத் திருவாய்மொழி அருளிச்செய்த திருமாலையாண்டான், அன்பைப் பிறப்பித்தபின்னும் இவ்வுடலோடு பிணைத்துவைத்தாயே என்று ஆழ்வார் வருந்துவதாகப் பொருள் உரைத்தார். சொற்கிடக்கைக்கு அது பொருந்தும். எம்பெருமானார் இசையவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எம்பெருமானோடு கலந்த களிப்பைப் பேசுகின்றன. நடுவே ஒரு பாசுரம் மட்டும் துயரம் பேசுவது எங்ஙனே? அறியாமை மிகுந்த உடலோடு கிடந்த அந்தக் காலத்திலேயே எனக்கு அன்பைத் தந்தாயே என்று உபகாரத்தை நினைந்து உருகுவதாகச் சொற்களை மாற்றிக் கூட்டினார்.

ஆண்டான், இப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதில்லை, இது விசுவாமித்திரர் செய்த புதுப்படைப்புப் போன்றது என்று உபந்நியாஸத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, இப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொல்லி இருவரையும் சேர்த்துவைத்தார்.

இவ்விடத்தில் ஓர் உரையாசிரியர் செய்யக்கூடிய எளிய செயல், எம்பெருமானார் பொருளை மட்டும் எழுதி ஆண்டான் பொருளை விட்டுவிடுவது. ஸித்தாந்தத்துக்கு அதனால் குறைவு வாராது. ஈடு அவ்வாறு செய்யவில்லை. இரண்டு பொருளையும் காட்டுகிறது. இரண்டையும் காண்பவன் பாசுரத்தின் பொருளை மட்டும் கற்பதில்லை. தனிப்பாசுரத்தின் சொற்கிடக்கை ஒருபுறம் இழுக்க, திருவாய்மொழியின் பிரகரணம் மறுபுறம் இழுக்க, எதற்கு எப்போது தலைவணங்குவது என்னும் பொருள்கொள்ளும் நெறியையே கற்கிறான். நன்னூல் ஒரு பொருளைத் தருகிறது. பெருநூல், பொருள் காணும் கண்ணைத் தருகிறது.

எம்பெருமானார் அஞ்சிய எல்லைகட்டுதல் இங்கே நேரவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பல நிர்வாஹங்கள் அருகருகே நிற்கும்போது ‘இவ்வளவே’ என்று சொல்ல எவருக்கும் நா எழாது. ஆனால் பல பொருள் கூறுவதனாலேயே குழப்பமும் நேரவில்லை. ஒவ்வொன்றும் இன்னாருடையது, இன்ன காரணத்தால் சொல்லப்பட்டது என்று வேரோடு வருகிறது. நெகிழ்ச்சியும் கட்டுப்பாடும் ஒருசேர நிற்பது இதனாலேயே.

இதை வேறொரு பேருரையோடு ஒப்பிடலாம். திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பர். அவருள் தலைமை பெற்றது பரிமேலழகர் உரை. அது செறிவாலும் நுட்பத்தாலும் முறைவைப்பாலும் உயர்ந்தது. பிறர் உரைகளை எடுத்துக்காட்டும் இடங்களில் பெரும்பாலும் அவற்றை விலக்கவே எடுத்துக்காட்டுகிறது. ஒரு பெரும் புலவரின் ஒரே குரல் அதில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒலிக்கிறது. அதுவும் பெருநூலே, பெருமைக்கு வழி ஒன்றே அன்று. ஆனால் ஈட்டின் வழி அதற்கு மறுதலையானது. அதில் ஒலிப்பது ஒரு பரம்பரையின் பல குரல்கள். அவற்றை ஒருமைப்படுத்துவது ஆழ்வார் திருவுள்ளத்தை அறியவேண்டும் என்னும் ஒரே வேட்கை.

அந்த வேட்கை பாசுரங்களின் இடைவெளியையும் விடுவதில்லை. பத்துக்குப் பத்து, திருவாய்மொழிக்குத் திருவாய்மொழி, பாசுரத்துக்குப் பாசுரம் அவதாரிகை இட்டு, முன்னது பின்னதை எவ்வாறு பிறப்பித்தது என்று ஈடு காட்டுகிறது. முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில், வெண்ணெய் களவுகண்டு உரலோடு கட்டுண்டு நின்ற எளிமையை நினைத்த அளவில் ஆழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்று பெரியோர் பணிப்பர். பாசுரத்தில் சொல்லப்படாத அந்த ஆறு மாத மௌனமும் நம் ஆசாரியர்களுக்குத் திருவாய்மொழியின் பகுதியே. நூறு திருவாய்மொழிகளும் நூறு தனிப்பாட்டுத் தொகுதிகளாக நில்லாமல், ஓர் ஆத்மாவின் பயணமாக, கலவியும் பிரிவும் தரிப்பும் தளர்ச்சியுமாக நமக்குத் தெரிவது இந்த ஸங்கதி அறிவினால்தான்.

மறைந்திருந்த ஏடு

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஈட்டின் தலைமைக்குக் காரணம் அதன் உள்ளிருக்கும் குணமன்று, காலமும் இடமும் ஆதரவுமே. மணவாள மாமுனிகள் அதை எடுத்து ஓதினார், திருவரங்கத்தில் ஓதினார், ஆகையால் அது நிலைத்தது என்று சிலர் கூறலாம். ஆட்சேபம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. எந்த நூலும் ஆதரிப்பார் இன்றி நிலைப்பதில்லை. ஆனால் காலவரிசையைப் பார்க்கவேண்டும்.

நம்பிள்ளை வாங்கிக்கொண்ட ஏடு ஈயுண்ணி மாதவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் தம் திருக்குமாரர் பத்மநாபருக்குக் கொடுத்தார். அவரிடமிருந்து நாலூர் பிள்ளை, நாலூர் ஆச்சான் பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று ஓராண்வழியாக வந்து மாமுனிகளை அடைந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டுவரை ஈடு பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது. அதே காலத்தில் இருபத்துநாலாயிரப்படிக்கு அத்தகைய தடை ஒன்றும் இல்லை. பரவுதற்குரிய வசதி யாவும் பெற்றிருந்தது ஒன்று. ஒருவர் பேழையில் ஒடுங்கியிருந்தது மற்றொன்று. இடையில் 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்பால் திருவரங்கமே நிலைகுலைந்து, நம்பெருமாள் ஊர்விட்டு ஊர் எழுந்தருளவேண்டி நேர்ந்தது. பெரியவாச்சான் பிள்ளை அருளிய பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போய், மாமுனிகளே அதை மீண்டும் அருளிச்செய்து நிரப்பவேண்டியிருந்ததை நினைத்தால், ஒரு பேழையை நம்பியிருந்த ஏடு அழியாமல் வந்தது எத்துணை அரிய செயல் என்பது புலனாகும். ஐந்து தலைமுறையினர் ஒவ்வொருவரும் இதைக் காத்தே ஆகவேண்டும் என்று கருதியதால்தான் அது வந்தது. ஆதரவு பெருமையைப் படைக்கவில்லை. பெருமையைக் கண்டவர்கள் ஆதரவு அளித்தனர்.

மாமுனிகள் பெரிய ஜீயராக எழுந்தருளியிருந்து, பரீதாபி ஆண்டு ஆவணி தொடங்கிப் பிரமாதீச ஆண்டு ஆனித் திருமூலம்வரை, அதாவது 1432 முதல் 1433வரை, நம்பெருமாள் திருமுன்பே ஈட்டை முன்வைத்துத் திருவாய்மொழியின் பொருளை அருளிச்செய்தார். பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துக் கேட்டருளினார், சாற்றுமுறையன்று தாமே சிறுபிள்ளையாய் வந்து ஜீயர் தனியனை அருளினார் என்பது நம் ஸம்பிரதாயத்தின் உயிர்நிலையான செய்தி. இதை நூலின் வரலாறாகப் பார்த்தாலும் ஒரு பொருள் தோன்றுகிறது. கேட்டவர் எழுதிய நூல், கேட்பதற்காகவே மீண்டும் திறக்கப்பட்டது. தனியே படிப்பதற்கு அது தரப்படவில்லை. ஓர் ஊர் முழுவதும் ஏறக்குறைய ஓராண்டு அமர்ந்து கேட்டது.

மாமுனிகள் ஈட்டை உயர்த்துவதற்காக மற்றவற்றைத் தாழ்த்தவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. உபதேசரத்தினமாலையில் ஐந்து வியாக்கியாதாக்களையும் தனித்தனியே பாடி, இவர்கள் எழுதாதிருந்தால் ஆழ்வாருடைய ஆழ்பொருளை உணர்த்துவார் யார் என்று ஐவரையும் ஒருசேரப் போற்றுகிறார். வியாக்கியானங்களின் வரலாற்றை, யார் எழுதினார், யார் நியமனத்தால், எவ்வழியாக வந்தது என்று முறைப்படச் சொல்வதால் தமிழ் உரை வரலாற்றுக்கே அது ஓர் அரிய ஆவணம். நன்னூல்களை மதியாதவன் பெருநூலை இனம் காணமாட்டான் என்பதை அந்நூல் தன் அமைப்பாலேயே உணர்த்துகிறது.

வடகலை ஸம்பிரதாயத்தில் ஆறாயிரப்படிக்கே தலைமை என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். அங்கே ஸ்வாமி தேசிகனுடைய திரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியும் ஸாரமும் திருவாய்மொழிப் பொருளுக்கு வழிகாட்டிகளாக நிற்கின்றன. இது நாம் கூறிவரும் கருத்துக்கு மாறாகாது. ஒரு சபையில் எந்த நூல் மேலும் மேலும் நூல்களைப் பிறப்பித்து, புதிய தலைமுறையைத் தன்னோடு உரையாட வைக்கிறதோ, அந்த நூல் அந்தச் சபைக்குப் பெருநூல்.

பிறப்பிக்கும் நூல்

பிறப்பித்தல் என்னும் இந்த அடையாளத்தைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஈடு வெளிப்பட்டபின் மாமுனிகள் அதன் மேற்கோள்களுக்குப் பிரமாணத்திரட்டு அருளினார். அதன் ஸங்கதியை அடியொற்றி, 36,000 படியின் ஓட்டத்தை நூறு வெண்பாக்களில் அடக்கித் திருவாய்மொழி நூற்றந்தாதி அருளினார். விரியவும் சுருங்கவும் இடங்கொடுப்பது உயிருள்ள பொருளின் இயல்பு. பின்பு ஜீயர் அரும்பதம், அடையவளைந்தான் அரும்பதம் முதலியவை எழுந்தன. நம் காலத்துக்குச் சற்று முன்பு பி. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டை முழுவதும் இக்காலத் தமிழாக்கிப் பத்துத் தொகுதிகளாகத் தர, சென்னைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. மணிப்பிரவாளம் அறியாத தமிழ் மாணவர் பலர் ஈட்டின் வாசலை மிதித்தது அந்த நூலின் வழியாகத்தான்.

இவற்றுள் எதுவும் ஈட்டைத் தேவையற்றதாக்கவில்லை. அரும்பதம் படித்தவர் ஈட்டுக்குத் திரும்பினார். தமிழாக்கம் படித்தவர் ஈட்டின் மூலநடையைத் தேடினார். ஈடோ தன்னிடம் வந்தவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளவில்லை, பாசுரத்துக்கு அனுப்பியது. இதுவே முடிவான அடையாளம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. ஓர் உரையைப் படித்து முடித்தபின் மூலம் சிறுத்துத் தோன்றினால், அவ்வுரை எத்துணைத் திறமையுடையதாயினும் நன்னூல் என்ற அளவில் நிற்கும். மூலம் முன்னைவிடப் பெருத்துத் தோன்றினால் அவ்வுரை பெருநூல். முப்பத்தாறாயிரம் படி எழுதியபின்னும் ஆழ்வார் திருவுள்ளம் கரைகாணாக் கடலாகவே நிற்கிறது. எம்பெருமானார் அஞ்சிய அச்சத்துக்கு, அவர் காலத்துக்குப் பின் கிடைத்த ஸமாதானம் ஈடு.

நம் கையில் இருப்பது

அச்சு வந்தபின் ஈடு ஒருவர் பேழையில் ஒடுங்கியிருக்கும் நிலை போயிற்று. எவரும் எளிதில் பெறலாம். ஆனால் ஓராண்வழியாக வந்த காலத்தில் அதைக் கையில் வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் அதை முழுவதும் கேட்டவர். கேட்டதை அடுத்தவருக்கு முழுவதும் சொன்னவர். இன்று நூல் பல இல்லங்களில் இருக்கிறது. முழுவதும் கேட்டவர் உள்ள இல்லம் எத்தனை? உபந்நியாஸத்துக்கு வேண்டிய ஓர் ஐதிஹ்யத்தையும், கட்டுரைக்கு வேண்டிய ஒரு மேற்கோளையும் எடுத்துக்கொண்டு நூலை மூடிவிடுகிறோம். ஐதிஹ்யங்களைத் தனியே தொகுத்தால் சுவையான கதைத்தொகுதி கிடைக்கும். ஆனால் அக்கதை எந்தப் பாசுரத்தில், எந்தச் சொல்லின் இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தது என்பது கழன்றுவிடும். பெருநூலைத் துண்டாக்கினால் கிடைப்பது பல நன்னூல்களே.

இதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். ஒரு திருவாய்மொழியை எடுத்துக்கொண்டு, பன்னீராயிரப்படியில் பதப்பொருள் கண்டு, ஆறாயிரப்படியில் திரண்ட பொருள் கண்டு, பின் ஈட்டை அவதாரிகை தொடங்கி ஒரு வரியும் விடாமல், அறிந்தவர் ஒருவர் முன்னிலையில் நான்குபேர் சேர்ந்து வாசிக்கலாம். ஐந்து வியாக்கியானங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, ஒன்றுக்கொன்று படியாவன என்பது அப்போது விளங்கும். நூறு திருவாய்மொழிகளுக்கு, வாரம் ஒன்றாக, இரண்டு ஆண்டுகள் போதும். திருவரங்கத்தில் ஓராண்டு காலம் பெருமாளே அமர்ந்து கேட்ட பொருளுக்கு நாம் இரண்டு ஆண்டு அமர்வது மிகையன்று.